சிறிய பிரஷ் மெஷினும் கார்பெட்டின் அடிமண்ணும்

கார்பெட் சுத்தம் செய்யும் தொழிலில் இருப்பவர்களிடம் என்ன கெமிக்கல் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் நீண்ட பதில் கிடைக்கும். தண்ணீரின் சூடு எவ்வளவு என்று கேட்டாலும் கிடைக்கும். உங்கள் மெஷினில் உள்ள பிரஷின் நார் புதிதாக இருந்தபோது எவ்வளவு நீளம், இப்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். இரண்டு உருளைப் பிரஷ்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும் சிறிய மெஷினைத் தொழில்முறையாகப் பயன்படுத்திவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருப்பது கெமிக்கல் தேர்வைவிட முக்கியமானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கார்பெட்டின் அடியில் தங்கியிருக்கும் மண்ணை அசைப்பது அந்த நாரின் நுனி மட்டுமே. மற்ற அனைத்தும் அதற்குத் துணை செய்பவை.

சுத்தம் செய்தல் என்பது ரசாயனம், தேய்ப்பு, சூடு, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தும் வேலை என்பதை ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதிப் பொறியாளர் 1959இல் ஒரு வட்டமாக வரைந்து விளக்கினார். அந்த நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஒன்றைக் கூட்டியாக வேண்டும் என்பதே அவ்வட்டத்தின் சாரம். வெந்நீரை அழுத்தத்துடன் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் பெரிய மெஷினிடம் சூடும் தண்ணீரும் தாராளமாக உள்ளன. நம் சிறிய மெஷினிடம் அவை இல்லை. குறைந்த ஈரத்தில், சாதாரண வெப்பநிலையில், சீக்கிரம் காயவேண்டிய இடத்தில்தான் அதற்கு வேலை. ஆகவே அதன் கையில் இருக்கும் ஒரே பெரிய பலம் தேய்ப்பு. பிரஷ் தேய்ந்தும் அழுக்கேறியும் இருக்கும்போது அந்தப் பலம் குறைகிறது. அதை ஈடுகட்டக் கரைசலைக் கூடுதலாகத் தெளிக்கிறார்கள். அதனால் ஈரம் கூடி, காயும் நேரம் நீண்டு, கடைசியில் கறை மீண்டும் மேலே வந்துவிடுகிறது. வாடிக்கையாளரிடமிருந்து வரும் புகார்களின் வேரைத் தேடிப்போனால் பல நேரங்களில் தேய்ந்த பிரஷில்தான் போய் நிற்கும்.

தரை மெருகேற்றப் பயன்படும் ஒற்றைத் தட்டு மெஷினுடன் இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். தட்டு வடிவப் பிரஷ் கார்பெட் இழைகளின் மேற்பரப்பில் படுத்துச் சுற்றுகிறது. அதன் நார்கள் இழையின் பக்கவாட்டை உரசுகின்றனவே தவிர, இழைகளுக்கு இடையே இறங்குவது குறைவு. ஒரே திசையில் சுற்றுவதால் இழையின் முறுக்கையும் அது காலப்போக்கில் குலைக்கக்கூடும். உருளைப் பிரஷின் நார் நுனியோ இழைகளுக்கு இடையே செங்குத்தாக இறங்கி, ஒரு கணம் அடியைத் தொட்டு, அங்கிருந்ததை மேலே சீவிக்கொண்டு வெளியேறுகிறது. இரண்டு உருளைகளும் எதிரெதிராகச் சுழல்வதால் ஒவ்வொரு இழையும் இரு பக்கமிருந்தும் சீவப்படுகிறது. ஒன்றின் இழுவையை மற்றொன்று சமன் செய்வதால் மெஷின் எந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு ஓடாது. கையில் பலம் குறைந்தவரும் அலுப்பின்றி நடத்தலாம். சிறிய வகைகளில் பிரஷின் நீளம் 25 முதல் 38 சென்டிமீட்டர் வரைதான் என்பதால் மேசைக் கால்களுக்கு இடையிலும், நாற்காலி வரிசைகளின் நடுவிலும், குறுகிய நடைவழிகளிலும் அது நுழைந்துவிடும்.

எந்த வேலையையும் உலர்ந்த நிலையில்தான் தொடங்கவேண்டும். இதை நான் எத்தனை முறை வலியுறுத்தினாலும் போதாது. கார்பெட்டில் சேரும் அழுக்கின் பெரும்பகுதி தண்ணீரில் கரையாத மண்ணும் தூசும் நூல்துகளும்தான். மணல் துகள்களின் கூரிய விளிம்புகள் நடப்பவரின் எடையில் இழையின் அடிப்பகுதியைக் கீறுகின்றன. நடைபாதையில் கார்பெட் மங்கித் தெரிவதற்குக் கறை மட்டும் காரணமல்ல, கீறப்பட்ட இழை ஒளியைச் சரியாகத் திருப்புவதில்லை என்பதும் ஒரு காரணம். அந்த மண்ணின்மீது கரைசலைத் தெளித்தால் அது சேறாகி இழையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் வேக்குவம், பிறகு எதையும் தெளிக்காமல் பிரஷ் மெஷினால் ஒரு முறை, மறுபடியும் வேக்குவம் என்பதே என் வரிசை.

அந்த உலர் ஓட்டத்துக்குப் பிறகு, பிரஷ் சீவியெடுத்த குப்பை வந்து சேரும் பக்கத் தட்டுகளை மெஷினிலிருந்து கழற்றிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கவனமாக வேக்குவம் செய்து முடித்த கார்பெட்டிலிருந்தும் தட்டு நிறைய வரும்: சாம்பல் நிறத்தில் மாவுபோன்ற மண், சுருண்ட தலைமுடி, ஸ்டேப்ளர் பின், காகிதத் துணுக்கு, உருண்டு திரண்ட பஞ்சு. அதைக் கொட்டிவிடுவதற்கு முன் ஒரு நிமிடம் பார்த்தால் கார்பெட்டைப் பற்றி அதுவே நிறையச் சொல்லிவிடும். மண் அதிகமாக இருந்தால் வாசல் மிதியடி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். கார்பெட்டின் நிறத்திலேயே பஞ்சு திரண்டிருந்தால், கார்பெட் புதியதாக இருந்து இயல்பாக உதிர்கிறதா, அல்லது பிரஷ் அந்த இழைக்கு மிகக் கடினமானதா என்று சோதிக்கவேண்டும். நீளமான நூல் ஒன்று தட்டில் கிடந்தால் உடனே வேலையை நிறுத்தி, அது எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டும். எங்கோ ஒரு இணைப்பு பிரியத் தொடங்கியிருக்கலாம். வாடிக்கையாளரிடம் அந்தத் தட்டைக் காட்டுவதும் நல்லது. அடிக்கடி வேக்குவம் செய்யுங்கள் என்று சொல்வதைவிட அது அவருக்கு எளிதில் புரியும்.

அடுத்தது இழையை அறிதல். நைலான் உறுதியானது; தேய்ப்பைத் தாங்கும்; நசுங்கினாலும் எழும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை விடாமல் பற்றிக்கொள்ளும்; அதற்குக் கரைசல் ஊறும் நேரமும் தேய்ப்பும் இரண்டும் தேவை. அதன் உருகுநிலை சுமார் 160 டிகிரி செல்சியஸ்தான், நைலானைவிட மிகக் குறைவு. உலர்ந்த பாலிப்ரொப்பிலீன் கார்பெட்டின் ஒரே இடத்தில் பிரஷைச் சுழலவிட்டு நின்றால் உரசல் சூட்டிலேயே இழைநுனிகள் மினுமினுத்துப்போகும், அதைச் சரிசெய்ய வழியில்லை. கம்பளி வேறு வகை: காரத்தன்மை மிகுந்த கரைசலும் கூடுதல் ஈரமும் கடுமையான தேய்ப்பும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னித் தடித்துவிடும். கம்பளிக்கு மென்மையான பிரஷ், நடுநிலைக்கு நெருக்கமான கரைசல், குறைந்த ஓட்டங்கள் போதும். விஸ்கோஸ் இழைக்கு இந்த மெஷினே வேண்டாம். ஈரத்தில் அதன் வலிமை பெரிதும் குறைந்துவிடும். கையால் முடிச்சிட்ட பழைய விரிப்புகளையும், குஞ்சம் வைத்தவற்றையும் நான் மெஷினின் பக்கமே கொண்டுபோவதில்லை.

இழைநுனிகள் வெட்டப்படாமல் வளையங்களாகவே நிற்கும் லூப் வகைக் கார்பெட்டில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு வளையம் அறுந்து நூல்முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பிரஷ் அதைப் பிடித்து இழுத்து வரிசை முழுவதையும் பிரித்துவிடும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் தரையோடு கண்ணை வைத்து ஒரு முறை நோட்டமிட்டு, நீட்டிய நூல்களைக் கத்தரிக்கோலால் மட்டமாக வெட்டிவிடவேண்டும்; கையால் பிடுங்கவே கூடாது. இணைப்புக் கோடுகளின் மேல் குறுக்காக ஓட்டாமல் கோட்டோடு ஒட்டியே ஓட்டுவது பாதுகாப்பு.

கரைசலைத் தெளித்த பிறகு அது ஊறுவதற்கு நேரம் கொடுக்கவேண்டும். 10 முதல் 15 நிமிடம் என்பது பொதுவான அளவு. அதற்குள் காய்ந்துவிடும் அளவுக்கு அறை சூடாகவோ காற்றோட்டமாகவோ இருந்தால், சிறு சிறு பகுதியாகப் பிரித்துத் தெளிப்பதே சரி. குறைந்த ஈரத்தில் செய்யும் என்காப்சுலேஷன் முறையில் கரைசலில் உள்ள பாலிமர் அழுக்கைச் சூழ்ந்துகொண்டு காயும்போது நொறுங்கும் தன்மையுள்ள துகளாகிறது. அடுத்த வேக்குவத்தில் அது வெளியேறுகிறது. பழைய வகை ஷாம்பு பிசுபிசுப்பாக இழையில் தங்கி, புதிய தூசைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆனால் எவ்வளவு நல்ல பாலிமரும் அழுக்கைச் சூழ வேண்டுமானால், அழுக்கு முதலில் இழையிலிருந்து விடுபடவேண்டும். அதைச் செய்வது பிரஷ்தான். கரைசலைத் தெளித்து மேலோட்டமாக ஓட்டிவிட்டு, காய்ந்ததும் கறை மீண்டும் எழுந்துவிட்டது என்று கெமிக்கலைக் குறைகூறுபவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

கறை மீண்டும் எழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடித்துணி வரை ஈரம் இறங்கினால், காயும்போது ஈரம் இழைவழியாக மேலேறி நுனியில் ஆவியாகும். அடியில் கரைந்திருந்த அழுக்கும் அதோடு ஏறி நுனியில் தங்கிவிடும். அடித்துணி சணலாக இருந்தால் பழுப்புக் கறையும் படரும். மெஷினை ஓட்டி முடித்ததும் உள்ளங்கையை இழைமேல் அழுத்திப் பார்த்தால் கை குளிர்ச்சியை உணரவேண்டும், நனையக்கூடாது. இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஓட்டும் முறையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. மெஷினைச் சாய்த்து, பிரஷ் தரையைத் தொடாத நிலையில் சுவிட்சைப் போட்டு, நகர்ந்துகொண்டே இறக்கவேண்டும். நிறுத்தும்போதும் அப்படியே தூக்கிவிட்டு நிறுத்தவேண்டும். நடை மெதுவாக இருக்கட்டும். முன்னும் பின்னும் ஒரு முறை, அடுத்துச் சற்றே தள்ளி, முந்தைய தடத்தின் மூன்றில் ஒரு பங்கை மூடியபடி மறுபடியும். மிக அழுக்கான நடைவழிகளில் குறுக்குவாக்கிலும் ஒரு ஓட்டம் தரவேண்டும். மெஷினைக் கையால் அழுத்துவது பயனற்றது. அழுத்தினால் நார் வளைந்து, நுனிக்குப் பதிலாக அதன் பக்கவாட்டு உரசத் தொடங்கும். தேய்ப்பு குறையும், மோட்டார் திணறும். மெஷினின் சொந்த எடையே போதுமானதாகத்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இனிப் பராமரிப்பு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்திலேயே பிரஷ்களைக் கழற்றவேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஈரப் பிரஷோடு மெஷினை வண்டியில் ஏற்றினால், மறுநாள் கரைசலின் பாலிமர் நாரின் அடியில் கெட்டியாகியிருக்கும், பூஞ்சை வாடையும் சேர்ந்திருக்கும். கழற்றிய பிரஷைப் பார்க்கும்போது நடுப்பகுதியை அல்ல, இரு முனைகளையும் பார்க்கவேண்டும். சுழலும் உருளையில் சிக்கும் தலைமுடி மெல்ல மெல்ல முனைகளை நோக்கி நகர்ந்து, மூடிக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் சுற்றிக்கொள்ளும். மூடியை விரலால் நெம்பி எடுத்தால் உள்ளே முடியும் நூலும் மண்ணும் கரைசல் பிசினும் ஒன்றாக இறுகிக் கம்பளித் துணிபோல் கருப்பாக ஒரு வளையம் இருக்கும். கொக்கி முனைக் கத்தியால் உருளையின் நீளவாக்கில் கீறி அதை உரித்தெடுக்கவேண்டும். குறுக்காக அறுத்தால் நார்க்கொத்துகளும் சேர்ந்து வெட்டுப்படும். அந்த வளையத்தை அப்படியே விட்டால் அது பேரிங்கின் ரப்பர் மூடியை அரித்து உள்ளே போகும். அதன் பிறகு ஈரமும் மண்ணும் பேரிங்குக்குள் நுழைய வழி திறந்துவிடும். பேரிங் கெட்டால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும், பெல்ட் வழுக்கினால் மோட்டார் சூடாகும். இத்தனைக்கும் தொடக்கம் சில இழைத் தலைமுடி.

பிரஷை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, உதறி, படுக்கைவாக்கில் தொங்கவிட்டோ, முனைகளைத் தாங்கிகளில் வைத்தோ காயவிடவேண்டும். நாரின் மேல் எடை விழும்படி தரையில் வைக்கக்கூடாது. மெஷினுக்கும் இது பொருந்தும். பிரஷ்களின் மேல் நிற்கவைத்து இரவு முழுவதும் விட்டால், அடியில் இருந்த நார்வரிசை படிந்துவிடும். மறுநாள் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் தட்டுகிற ஓசையும் அதிர்வும் வரும். மெஷினைச் செங்குத்தாக நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பிரஷ்களைத் தனியே கழற்றி வையுங்கள்.

நார்கள் சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாக மெல்லச் சாய்வது இயல்பு. சாய்ந்த நார் நுனியால் சீவாது, முதுகால் தடவும். ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில் பிரஷ்களை முனை மாற்றியோ, முன்னது பின்னதாகவோ மாற்றிப் பொருத்தி, எதிர்த்திசையில் சுழலச் செய்யவேண்டும். எந்த மாற்றம் உங்கள் மெஷினுக்குப் பொருந்தும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். சில பிரஷ்களில் வேறு நிறத்தில் குட்டையான நார்க்கொத்து ஒன்றை நட்டிருப்பார்கள். மற்ற நார்கள் அதன் உயரத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றவேண்டும் என்பதற்கான அடையாளம் அது. அடையாளம் இல்லாத பிரஷில், புதியதாக இருக்கும்போதே நாரின் நீளத்தை அளந்து உருளையின் முனையில் அழியாத மையால் எழுதிவைத்துவிடுவேன். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்றால் நீளமான நார் தரையை முதலில் பிடித்து மெஷினைத் தன் பக்கம் இழுக்கும். முன்பு சொன்ன அந்தச் சமநிலை போய்விடும். செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணி ஒற்றைப் பிரஷ் வாங்குபவர்களைப் பார்த்து நான் வருந்துவது இதனால்தான்.

பெல்ட் பற்கள் உள்ள வகை என்றால் பற்களின் அடியில் விரிசலும், உறைக்குள் கருப்புப் பொடியும் தென்படுகின்றனவா என்று பார்க்கவேண்டும். பெல்ட்டுக்கு எண்ணெய் விடக்கூடாது. பேரிங்கைச் சோதிக்கப் பிரஷை வெறுங்கையால் சுழற்றினால் போதும்: ஓசையின்றிச் சுழன்று மெல்ல நின்றால் நல்லது, கரகரப்பும் ஆட்டமும் இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

மோட்டாரின் காற்றுத் துளைகளில் பஞ்சு அடைத்துக்கொள்வதுதான் அது சூடாவதற்கு முதல் காரணம். வாரந்தோறும் மென்மையான பிரஷால் துடைத்து, வேக்குவத்தால் இழுத்துவிடலாம். கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டு) உள்ள மோட்டாரில் பொறி அதிகமாகப் பறந்தாலோ, எரிந்த வாடை வந்தாலோ, மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலோ கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கிளம்புவதற்கு உதவும் கெப்பாசிட்டர் வைத்த மோட்டார் முனகிக்கொண்டு கிளம்பாமல் நின்றால், பெரும்பாலும் கெப்பாசிட்டரில்தான் கோளாறு இருக்கும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். சூடு தாங்காமல் மெஷின் தானாக நின்றுவிட்டால், ஆறியதும் மறுபடியும் போட்டு ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏன் நின்றது என்று பாருங்கள். பிரஷில் நூல் சுற்றியிருக்கலாம். பிரஷின் உயரம் மிகவும் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கலாம். எக்ஸ்டென்ஷன் ஒயர் மெல்லியதாக இருந்து மின்னழுத்தம் குறைந்திருக்கலாம்.

ஒயரைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கவலை கூடுகிறது. ஈரமான தரையில் நின்று, சுழலும் பிரஷுக்கு அருகே மின்கம்பியை இழுத்துக்கொண்டு செய்யும் தொழில் இது. வேலைக்குப் பிறகு ஒயரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே முழு நீளத்தையும் கைவழியாக ஓட்டினால், வெட்டுக்காயமோ வீக்கமோ இருந்தால் விரலே சொல்லிவிடும். டேப் சுற்றிய ஒயரை ஈரக் கார்பெட்டின் மேல் போடவே கூடாது. சுருட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுவதும் விரித்த பிறகே பயன்படுத்தவேண்டும். சுருளாக இருந்தால் உள்ளே சூடு தேங்கி உறை உருகும். இணைப்பு ஈரப்பரப்புக்கு வெளியே இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத இடத்தில், அந்த வசதியுள்ள பிளக்கை நாமே கொண்டுபோகவேண்டும். ஓட்டும்போது ஒயர் தோளின்மேல் கிடந்து முதுகுப்புறமாகப் போகட்டும். பிரஷுக்கு முன்னால் வரவே விடாதீர்கள்.

தெளிக்கும் டேங்க் இணைந்த மெஷின் என்றால், மீந்த கரைசலை அதில் விட்டுவைக்கக்கூடாது. வெறும் தண்ணீரை ஊற்றி நாசில் வழியாக ஓடவிட்டால்தான் பாலிமர் காய்ந்து அடைக்காமல் இருக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தாமல், வெந்நீரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்க்கவேண்டும். துளை சிறிது பெரிதானாலும் விசிறிபோல் விரியவேண்டிய தெளிப்பு ஒரு கோடாக விழுந்து, கார்பெட்டில் ஈரப்பட்டை உண்டாகிவிடும். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு நீர்த்த வினிகர் போதும்.

உணவகத்தின் எண்ணெய்ப் பிசுக்கில் ஓடிய பிரஷை எவ்வளவு கழுவினாலும், அதை வெளிர்நிறக் கம்பளிக் கார்பெட்டில் இறக்க எனக்கு மனம் வராது. ஆகவே பிசுக்கு வேலைக்கு ஒரு ஜோடி, பொது வேலைக்கு ஒரு ஜோடி, கம்பளிக்கு மென்மையான ஒரு ஜோடி என்று தனித்தனியே வைத்திருக்கிறேன். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பூச்சி முட்டைகளும் பஞ்சோடு பயணம் செய்யக்கூடும் என்பதால், பக்கத் தட்டுகளையும் பிரஷ் உறையின் உட்புறத்தையும் துடைக்காமல் மெஷினை வண்டியில் ஏற்றுவதில்லை. பையில் மாற்று பெல்ட், கார்பன் ஜோடி, பியூஸ், கொக்கிக் கத்தி, கத்தரிக்கோல் ஆகியவை எப்போதும் இருக்கும்.

புதிய பிரஷ் வாங்கியவர்களுக்கு ஒன்று. தொழிற்சாலையில் வெட்டிய நுனி சொரசொரப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும்; அது மென்மையான லூப் கார்பெட்டின் மேல் பஞ்சு கிளப்பிவிடக்கூடும். முதல் சில மணி நேரத்தை வாசல் மிதியடிகளிலும், வரிவரியான முரட்டுக் கார்பெட்டிலும் ஓட்டி நுனிகளை மழுங்கவிடுங்கள். அதன் பிறகு அளவெடுத்து, தேதியோடு உருளையின் முனையில் எழுதிவையுங்கள்.